கேட்டது எது, பாடியது எது: பவர் அம்ப் ஒப்பீடும் வாவிக்கரைக் காதும்

ஸ்பீக்கரை மாற்றினால் பாட்டு மாறும் என்பதை யாரும் மறுப்பதில்லை. கதிரையை இரண்டடி பின்னுக்கு இழுத்தாலும் மாறும். பவர் அம்பை மாற்றினால் மாறுமா என்று கேட்டால்தான் சண்டை வரும். ஐம்பது வருடமாக இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒழுங்காகச் செய்த எந்த அம்பும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும், மீதி எல்லாம் விலைப் பட்டியல் செய்யும் மாயம் என்பது ஒரு கட்சி. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு குரல் உண்டு, அளவுகருவிக்கு அது அகப்படாது, வீட்டில் ஆறுதலாக இருந்து கேட்டால்தான் பிடிபடும் என்பது மற்றது. சில நூறு டாலரில் தொடங்கி லட்சம் டாலர் வரை இந்தப் பெட்டிகள் விற்கப்படுவதால் சண்டையில் காசும் கலந்துவிட்டது.

இரண்டு கட்சியையும் வாசித்து, வீட்டில் நடந்த ஒப்பீடுகளையும் மேடையில் நடந்த பரிசோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிறது. வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்று உண்மையில் மாறித்தான் இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு அவர்கள் காட்டும் காரணம்தான் பிழையாகிறது.

இந்த வழக்கு மட்டக்களப்பாருக்குப் புதிதல்ல. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியில் ‘பாடும் மீன்’ பற்றிய பேச்சும் இதே வகைதான். 1848 செப்டம்பரில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியேறி அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வெளியான தன் இலங்கை நூலில் அதை விரிவாக எழுதினார். அவர் எழுதியதில் என்னைக் கவர்வது ஒலியின் வர்ணனையை விட அவர் கேட்ட முறை. ஒரே நீண்ட சுரமாக அது இல்லை, தனித்தனியே தெளிந்த நுண்ணொலிகளின் கூட்டம் என்று பிரித்துச் சொன்னார். தோணியின் மரப்பலகையில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகியதைக் குறித்தார். தோணி நகர நகர ஒலி கூடிக் குறைவதையும் சில இடங்களில் இல்லாமலே போவதையும் கவனித்து, ஒலியெழுப்புவது ஓரிடத்திலேயே இருக்கும் உயிராக வேண்டும் என்று முடிவுகட்டினார். மீனவர்கள் ஊரி என்று சிப்பி இனத்தைக் காட்டினார்கள். அவரும் அதன் பக்கமே சாய்ந்தார்.

இன்னொரு நூறாண்டு கழித்து, 1950களில், இங்கிருந்த இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் மைக்கை இறக்கி அதைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பாகியது. ஒலி உண்டு என்பது அத்தோடு சந்தேகத்துக்கு அப்பால் போயிற்று. எழுப்புவது யார் என்பது மட்டும் போகவில்லை. சிப்பி என்பாரும் மீன் என்பாரும் பாறை இடுக்கில் நீர் புகுந்து வரும் ஒலி என்பாரும் இன்றைக்கும் கல்லடிப் பாலத்தில் நிற்கிறார்கள். நீரில் பிறந்த ஒலி காற்றுக்கு ஏறும்போது ஏறத்தாழ 30 டெசிபல் இழக்கிறது. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு வலுவே மேலே வருகிறது. அதனால்தான் துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் மேல்நுனியில் காதை வைக்கும் வழக்கம் வந்தது. ஆனால் துடுப்பில் காதை வைப்பவருக்குக் கேட்பது வாவி மட்டும் அல்ல, வாவியும் மரமும் சேர்ந்த ஒன்று. தோணியை மாற்றினால் ஒலியும் மாறும். அந்த மாற்றத்தை ஊரியின் தலையில் கட்டினால் அது ஊரிக்குச் செய்யும் அநியாயம்.

அம்ப் ஒப்பீட்டிலும் இந்த அநியாயம் தினமும் நடக்கிறது.

பவர் அம்பின் வேலை சொல்லச் சுலபம். ஒன்றிரண்டு வோல்ற் அளவில் வரும் சைகையைச் சில பத்து வோல்றாக உயர்த்தி, ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுக்க வேண்டும், தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்கு வழி கண்டவர் பெல் ஆய்வகத்தின் ஹரோல்ட் பிளக். வெளியீட்டில் ஒரு பங்கை எதிராகத் திருப்பி உள்ளீட்டுக்கே ஊட்டினால் திரிபு தன்னைத் தானே அழிக்கும் என்ற எண்ணம் 1927 ஓகஸ்டில் அவருக்கு உதித்தது. அப்போது அவர் வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றை, நாம் ‘பாதை’ என்று சொல்லும் பயணிகள் படகில், கடந்துகொண்டிருந்தார். கையில் இருந்த செய்தித்தாளிலேயே வரைந்து வைத்தாராம். குருமண்வெளியில் மண்டூர்ப் பாதைக்குக் காத்து நிற்கும்போது இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வருவதுண்டு. அங்கே ஒருவருக்கும் எதிர்ப் பின்னூட்டல் தோன்றவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

பிளக்கின் எண்ணம் வீட்டுக்கு வந்தது 1947இல். பிரித்தானியாவின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட வால்வுச் சுற்று 15 வாற் கொடுத்தது, அதன் திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நின்றது. அதன்பின் குவாட் நிறுவனத்தின் பீற்றர் வோக்கர் 1953இல் வால்வில் குவாட் 2, 1967இல் ட்ரான்சிஸ்டரில் 303, 1975இல் 405 என்று மூன்று தலைமுறையைக் கண்டார். 405இல் சிறிய, துப்புரவான ஒரு அம்பும் வலுவான, முரட்டு அம்ப் ஒன்றும் சேர்ந்து வேலை செய்தன. முரடன் விடும் பிழையைச் சிறியது அந்த அந்த நொடியிலேயே திருத்தியது. இடையில் பின்லாந்துக்காரர் மட்டி ஒட்டாலா, பின்னூட்டலை அள்ளிப் போட்டால் வேகமான சைகை வரும்போது அம்ப் பின்தங்கிப் புதுவகைத் திரிபை உண்டாக்கும் என்று 1970களில் எழுதினார். பெரிய பரபரப்பு எழுந்தது. வேகம் போதிய சுற்றுகளை எல்லோரும் செய்யத் தொடங்கியதும் அது அடங்கிற்று. வகுப்பு ஏ, ஏபி, டி என்ற பிரிவுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அவை ஒலியின் வகை என்பதை விட வெப்பத்தின் வகை. அந்தக் கணக்கு கீழே வரும்.

இனிப் பரிசோதனைகள். 1978இல் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியலாளர் மேற்சொன்ன மூன்று குவாட்களையும் திரைக்குப் பின்னால் வைத்து, வித்தியாசம் உண்டு என்று உறுதியாக நம்பிய பழுத்த காதுக்காரர்களை உட்கார வைத்தார். வால்வு எது, ட்ரான்சிஸ்டர் எது என்று அவர்களால் குருட்டாம்போக்கை விடச் சிறப்பாகச் சொல்ல முடியவில்லை. 1987 ஜனவரியில் அமெரிக்க இதழான ‘ஸ்டீரியோ ரிவியூ’ 220 டாலர் ரிசீவர் ஒன்றிலிருந்து 12,000 டாலர் வால்வு அம்ப் வரை வரிசையாக வைத்து இதையே செய்தது. முடிவும் அதேதான். இரண்டுக்கும் நடுவே, 1985இல், இன்னும் சுவையான ஒன்று நடந்தது. பொப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், உங்களுக்குப் பிடித்த விலையுயர்ந்த அம்ப் எதுவானாலும் என் மலிவான ட்ரான்சிஸ்டர் அம்பை அதைப்போல ஒலிக்க வைக்கிறேன் என்று ‘ஸ்டீரியோஃபைல்’ இதழுக்குச் சவால் விட்டார். அவர்கள் கொன்ராட்-ஜோன்சன் வால்வு அம்பைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டின் வெளியீட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து, எஞ்சும் ஒலியைக் கேட்டுக் கேட்டு அது மறையும் வரை தன் அம்பைத் திருத்தினார். கடைசியில் தங்களால் பிரித்தறிய முடியவில்லை என்று இதழாரே ஒப்புக்கொண்டு எழுதினர்.

கார்வரின் வெற்றியை ‘எல்லா அம்பும் ஒன்றே’ கட்சி தன் வெற்றியாகக் கொண்டாடுவதுண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. திருத்துவதற்கு முன் இரண்டும் ஒன்றாக ஒலிக்கவில்லை என்பதும் அந்தக் கதையில் இருக்கிறதே! வித்தியாசம் இருந்தது, அதன் காரணம் அளக்கக் கூடியதாக இருந்தது, அளந்து திருத்தியதும் அது போய்விட்டது. இந்த முழு வழக்கிலும் எனக்குப் பிடித்த சாட்சியம் இதுதான். கேட்டவரையும் அது மதிக்கிறது, அளந்தவரையும் மதிக்கிறது.

மறு கட்சியின் வலுவான சாட்சி ஜோன் அற்கின்சன். அக்காலத்தில் நடந்த இதுபோன்ற ஒரு பரிசோதனையில் உட்கார்ந்தவர்களில் இவரும் ஒருவர், பின்னாளில் ‘ஸ்டீரியோஃபைல்’ ஆசிரியரானார். வித்தியாசம் இல்லை என்ற முடிவை நம்பி குவாட் 405 ஒன்றை வாங்கினாராம். மாதங்கள் போகப் போகத் தன் வீட்டில் பாட்டுக் கேட்பதில் இருந்த இன்பம் வற்றிப்போனதாக உணர்ந்து, கடைசியில் வால்வு அம்ப் ஒன்றுக்கு மாறியபோது அது திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறார். அவசரப் பரிசோதனை காட்டாததை வீட்டுக் கேட்டல் காட்டியது என்பது அவர் வாதம். இதைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்து யோசிக்கலாம். முதல் 405இல் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் காப்புச் சுற்று இறுக்கமானது. பின்னர் வந்த 405-2இல் அதைத் தளர்த்தினார்கள். ஓம் குறைந்த ஸ்பீக்கர் ஒன்றோடு அந்த அம்ப் திணறியிருக்கலாம். இது என் ஊகம்தான். அப்படியானால் அவர் கேட்டது உண்மை, அதற்குக் காரணம் ட்ரான்சிஸ்டரின் ‘குரல்’ அல்ல, ஒரு காப்புச் சுற்றின் எல்லை. அற்கின்சனே 1989இல் ஒரு கண்காட்சியில் ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு வால்வு அம்ப் ஒன்றையும் ட்ரான்சிஸ்டர் அம்ப் ஒன்றையும் ஒப்பிட வைத்தார். சரியாகச் சொன்னவை நூற்றுக்கு 52 சொச்சம். நாணயத்தைச் சுண்டினால் 50 வரும்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டில் ஒப்பிடும்போது உண்மையில் மாறுவது என்ன?

முதலாவது சத்தத்தின் அளவு. பெரும்பாலான வீட்டு ஒப்பீடுகள் இங்கேயே கவிழ்கின்றன. ஓர் அம்பின் பெருக்கம் 26 டெசிபல், மற்றதினது 29 என்று வைப்போம். இரண்டுமே சந்தையில் சாதாரணம். வொலியூம் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டினால் ஸ்பீக்கருக்குப் போகும் வலு இரட்டிப்பாகும். இவ்வளவு என்றால் யாரும் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று கண்டுபிடிப்பார்கள். ஆபத்து அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசத்தில் இருக்கிறது. அதைக் காது சத்தம் என்று பதிவதில்லை, தெளிவு என்று பதிகிறது. மெல்லிய ஒலியில் மனிதக் காது அடிச்சுரத்தையும் உச்சச்சுரத்தையும் குறைத்தே கேட்கும் என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். அதனால் சற்றே கூட்டிய பாட்டில் மத்தளத்தின் தொப்பிப் பக்கம் திடமாகும், சல்லரி மினுங்கும், பாடகர் ஓரடி முன்னுக்கு வருவார். விமர்சனங்களில் வரும் வர்ணனைச் சொற்களில் பாதியை ஒரு டெசிபல் உற்பத்தி செய்துவிடும்.

இரண்டாவது ஸ்பீக்கரின் தடங்கல். 8 ஓம் என்று பின்பக்கம் எழுதியிருப்பது ஒரு மரியாதைக் கணக்கு. ஒரே ஸ்பீக்கர் ஒரு சுரத்துக்கு 4 ஓமும் இன்னொன்றுக்கு 20 ஓமும் காட்டும். அம்புக்கும் தன் பங்குக்கு ஒரு வெளியீட்டுத் தடங்கல் உண்டு. பின்னூட்டல் குறைந்த ஒற்றை வால்வு அம்ப் ஒன்றில் அது 2 ஓம் என்று கொள்வோம். 4 ஓம் வரும் சுரங்களில் அந்த அம்ப் 3.5 டெசிபல் இழக்கும், 20 ஓம் வரும் சுரங்களில் 0.8 மட்டும். இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபல். யாரோ தொனிக் குமிழ்களைத் திருகி வைத்ததற்குச் சமம் இது, செவிடு அல்லாத எவருக்கும் கேட்கும். இதே ஸ்பீக்கரோடு 0.05 ஓம் கொண்ட ட்ரான்சிஸ்டர் அம்பைப் பூட்டினால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். ஆகவே வால்வு அம்ப் ‘வேறு மாதிரி’ ஒலிக்கிறது என்பவர் சரியாகத்தான் கேட்கிறார். ஆனால் அவர் கேட்பது அந்த அம்பின் குணத்தை அல்ல, அந்த அம்பும் அந்த ஸ்பீக்கரும் செய்துகொண்ட உடன்பாட்டை. வேறு ஸ்பீக்கரில் அதே வால்வு வேறு விதமாக நிறம் மாறும். கார்வர் தன் அம்பில் திருத்தியவற்றில் முக்கியமானது இதுவே. அதன் வெளியீட்டுத் தடங்கலை அவர் வேண்டுமென்றே கூட்டினார்.

மூன்றாவது எல்லை மீறல். ஒரு வாற் கொடுத்தால் ஒரு மீற்றரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் இன்று சாதாரணம். வீட்டில் நாம் கேட்பது சராசரியாக ஒரு வாற்றையும் தொடாது. ஆனால் மத்தளத்தில் ஓர் அடி விழும்போது உச்சம் சராசரியை விட 20 டெசிபல் மேலே பாயும். 20 டெசிபல் என்றால் வலுவில் நூறு மடங்கு. ஒரு வாற்றில் கேட்பவருக்கு அந்த ஒரு கணத்துக்கு நூறு வாற் வேண்டும். இருபத்தைந்து வாற் அம்ப் அங்கே உச்சியை வெட்டிவிடும். வால்வு அம்ப் வெட்டும்போது சற்று வளைத்து வெட்டும், ட்ரான்சிஸ்டர் நறுக்கென்று வெட்டும். வித்தியாசம் கேட்கும் அடுத்த இடம் இது. இங்கும் இரண்டும் தத்தம் எல்லைக்குள் நின்றால் சண்டை இல்லை.

நம் வீடுகளின் கூடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விடயத்தில் எழுதப்படுபவை எல்லாம் கம்பளம் விரித்து, யன்னல் சாத்தி, திரை போட்ட அறைகளை நினைத்தே எழுதப்படுகின்றன. எழுவான்கரையில் அப்படி ஒரு அறையில் கச்சான் காற்றுக் காலத்தில் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். நமக்கு மாபிள் தரை, சீமெந்துச் சுவர், திறந்த யன்னல், தலைக்கு மேல் ஃபான். ஃபான் சுற்றும் அறையில் பின்னணி இரைச்சல் 40 டெசிபலுக்குக் கீழே போவது அரிது. பாட்டின் உச்சத்தை 95 என்று வைத்தால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி 55 மட்டுமே. அம்பின் திரிபு 0.01 விழுக்காடு என்றால் அது உச்சத்துக்கு 80 டெசிபல் கீழே, அதாவது ஃபானுக்கு 25 டெசிபல் கீழே கிடக்கிறது. இரைச்சலுக்குள் புதைந்த ஒலியைக் காது ஓரளவு தோண்டி எடுக்கும் என்பது உண்மைதான், இருந்தாலும் இத்தனை ஆழத்துக்கு அல்ல. அதோடு 4.2 மீற்றர் நீளமான கூடம் ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் தானே முழங்கும். வெறும் சுவர்கள் அடிச்சுரத்தை ஓரிடத்தில் 10 டெசிபல் கூட்டும், கதிரையை நகர்த்தினால் அதே அளவு குறைக்கும். இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு 0.1 டெசிபல் வித்தியாசமுள்ள இரண்டு அம்ப்களுக்கு ஆளுக்கொரு ஆளுமையை எழுதிக் கொடுப்பது வீரம்தான்.

கரண்ட் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. நம் மின் வழங்கல் 230 வோல்ற், மேலும் கீழும் ஆறு விழுக்காடு அசைய இடமுண்டு. மாலையில் ஊர் முழுக்க விளக்கும் மோட்டரும் போடும்போது லைனின் கடைக்கோடியில் அது இன்னும் விழும். ‘வோல்ற்றேஜ் விழுந்ததும் அம்பின் உயிர் போய்விட்டது’ என்பார்கள். சாதாரண ஏபி அம்பில் மின்னழுத்தம் 10 விழுக்காடு விழுந்தால் உச்ச வலு 19 விழுக்காடு குறையும். டெசிபலில் அது ஒன்றுக்கும் குறைவு. உச்சத்தைத் தொடாமல் கேட்பவருக்கு ஒன்றுமே மாறாது. எதிர்ப்பக்க நம்பிக்கையும் பிழை. கரண்ட் எப்படி வந்தாலும் நல்ல அம்ப் கவனித்துக்கொள்ளும் என்பார்கள். இன்வேட்டரின் சதுர அலையில் ட்ரான்ஸ்ஃபோமர் ரீங்கரிக்கும், அந்த ரீங்காரம் அமைதியான அறையில் கேட்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபின் இன்வேட்டர் வாங்கிய வீடுகள் பல. அங்கே பகலில் ஒரு அம்பையும் மின்வெட்டில் ஒரு அம்பையும் கேட்டு ஒப்பிட்டால் கேட்டது இன்வேட்டராக இருக்கும். ஜப்பானில் இருந்து வரும் பழைய செற்களில் பல 100 வோல்றுக்கானவை. அவற்றுக்குப் போடும் இறக்க ட்ரான்ஸ்ஃபோமர் சிறியதாக இருந்தால் பெரிய அம்பும் சோம்பேறியாகத் தெரியும். பழி அம்புக்குத்தான் போகும்.

போர்க் காலத்தில் படுவான்கரைக் கிராமங்கள் பல கரண்ட் இல்லாமல் இருந்தன. கார் பற்றரியில் றேடியோ ஓடிற்று, சில வாற்றுக்குள் எல்லாம் முடிந்தது. அந்தப் பற்றரியில் ஓடிய நாடகத்தையும் பாட்டையும் ஊரே சுற்றியிருந்து கேட்டது. பற்றரி தூய நேர்மின்னோட்டம் தரும் என்பதற்காக இன்று சிலர் பெரும் விலை கொடுத்துப் பற்றரி அம்ப் வாங்குகிறார்கள் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

வெப்பக் கணக்குக்கு வருகிறேன். வகுப்பு ஏ அம்ப் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்னை இழுக்கும். தள்ளு-இழு சுற்றில் அதன் மிகச் சிறந்த திறன் 50 விழுக்காடு. பக்கத்துக்கு 25 வாற் வேண்டுமானால் ஓய்வில் குறைந்தது 100 வாற், நடைமுறையில் 200ஐயும் தாண்டி, அறைக்குள் சூடாகக் கொட்டும். வகுப்பு பியின் உச்சத் திறன் 78.5 விழுக்காடு. ஏபி அதற்குக் கீழே எங்கோ நிற்கும். வகுப்பு டி 90ஐத் தாண்டும். நோர்வேக்காரருக்கு ஏ வகுப்பு குளிர்காலத்தில் ஓர் உபகாரம். முப்பத்திரண்டு பாகையில் இருக்கும் நமக்கு அது இன்னொரு அடுப்பு, அந்த அடுப்பைத் தாங்க ஃபானைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். வெப்பம் பத்துப் பாகை ஏற ஏற மின்பகு கொள்ளளவிகளின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு. இதற்கு மேல் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய கரையின் உப்புக் காற்று. ஸ்பீக்கர் முனைகளும் உள்ளே இருக்கும் ரிலே தொடுகைகளும் களிம்பேறும். ஒரு பக்கம் மங்கும், சொரசொரக்கும். புதிய அம்ப் வந்ததும் ‘திரை விலகியது போல இருக்கிறது’ என்று சொல்பவரிடம், பழையதைக் கழற்றும்போது வயர் நுனியைச் சுரண்டினீர்களா என்று ஒருமுறை கேளுங்கள். கழற்றிப் பூட்டியதே பாதி வைத்தியம்.

வகுப்பு டி பற்றிய பழைய அவமதிப்பு இப்போது நியாயமில்லை. தொடக்க காலச் சுற்றுகளின் உச்சச்சுரம் ஸ்பீக்கரின் தடங்கலுக்கு ஏற்ப ஆடியது உண்மை. வடிகட்டியையும் பின்னூட்டலுக்குள் அடக்கிய புருனோ புட்சேஸின் வடிவமைப்புகள், முதலில் ஹைபெக்ஸிலும் 2019 முதல் பியூரிஃபையிலும் வந்தவை, அந்தக் குறையைத் துடைத்துவிட்டன. அளவுகளில் அவை பல மடங்கு விலையுள்ள ஏபி அம்ப்களை வெல்கின்றன, வீட்டை வேகவைப்பதும் இல்லை.

அப்படியானால் வீட்டுக் கேட்டல் வீண்தானா? இல்லை, முறை வேண்டும். 1947 என்ற ஆண்டை மேலே வில்லியம்சனுக்காகச் சொன்னேன். அதே ஆண்டில்தான் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. இறந்துபோன கருவி ஒன்றின் சுரங்களை அவர் காதால் மட்டும் தேடவில்லை. விஞ்ஞானம் படித்தவர், சுர இடைவெளிகளைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு கேட்டார். கணக்கு இல்லாத காதையும் காது இல்லாத கணக்கையும் அவர் நம்பவில்லை. அம்ப் ஒப்பிடுபவர்களுக்கு இந்த ஊரிலேயே இதைவிட நல்ல முன்னோடி வேண்டாம்.

செய்யக் கூடியது இதுதான். 100 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ரிமீற்றரை வைத்து, இரண்டு அம்ப்களும் ஒரே வோல்ற் கொடுக்கும்படி சரிசெய்ய வேண்டும். சாதாரண மல்ரிமீற்றர் 50 ஹேர்ட்ஸ் மின்னுக்காகச் செய்தது, உயர்ந்த சுரங்களில் பிழையாகக் காட்டும், ஆகவே தாழ்ந்த தொனியே நல்லது. வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள் நின்றால் அது 0.1 டெசிபலுக்குள் நிற்கும். வால்வு அம்ப் என்றால் ஒரு சுரத்தில் சமப்படுத்தியது எல்லாச் சுரத்திலும் சமமாகாது, மேலே சொன்ன தடங்கல் காரணமாக. அந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்றே ஏற்றுக்கொள்ளலாம். மாற்றும் சுவிட்சில் ஒரு எச்சரிக்கை: வகுப்பு டி அம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சைகை இருக்கும். கறுப்பு வயர்தானே என்று இரண்டு அம்பின் கறுப்பையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்று எரியும். இரு வயரையும் மாற்றும் சுவிட்சே வேண்டும். மாற்றுபவர் வேறொருவராக, கேட்பவருக்குத் தெரியாதவாறு நிற்க வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை போதும், அவர்களுக்கு இது விளையாட்டு. பத்துத் தடவையில் ஒன்பதோ பத்தோ சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நடக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று சொச்சம். நம்பலாம். எட்டு என்றால் நூற்றில் ஐந்து சொச்சம். இன்னொரு நாள் திரும்பச் செய்யலாம். ஆறு என்றால் மிச்சக் காசை ஸ்பீக்கருக்கு வைக்கலாம்.

கேட்கும் பாட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒலிப்பதிவாளர் செய்த குரலை அசல் என்று நினைத்து ஒப்பிடுவதை விட, வட்டக்களரியில் மைக் இல்லாமல் கேட்ட மத்தளமும் சல்லரியும் நல்ல அளவுகோல். கூத்துப் பார்த்து வளர்ந்த காது இங்கே நிறைய உண்டு. திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரில் மட்டும் பாட்டுக் கேட்டு வளர்ந்த காதும் நிறைய உண்டு, அதற்கு எல்லா அம்பும் இனிமையே.

இந்த முறைக்கு எட்டாதது ஒன்று இருக்கிறது என்று அற்கின்சன் கட்சியினர் சொல்வதை நான் முழுவதாக மறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வரும் சலிப்பு பத்து நொடித் துண்டுகளில் வராமல் போகலாம். ஆனால் அதையும் கண் தெரியாமல் செய்ய வழியுண்டு. இரண்டு அம்பையும் அலுமாரிக்குள் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மற்றொருவர் மாற்றியோ மாற்றாமலோ விடட்டும். கேட்பவர் தன் மனநிலையை எழுதி வரட்டும். மாதங்கள் எடுக்கும், பொறுமை வேண்டும். பெரிய விலை கொடுத்தவர்கள் இதற்குச் சம்மதிப்பதைத்தான் நான் அரிதாகக் காண்கிறேன்.

வாவிக்கரை வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால், வெளியீட்டுத் தடங்கல் குறைந்த, நூறு வாற்றுக்குக் குறையாத, சூடு குறைந்த ஒன்று. அதில் ஏபியா டியா என்பதைக் காது தீர்மானிக்காது, பழுதுபார்ப்பவர் தீர்மானிப்பார். டி வகுப்பின் பலகையில் பாகங்கள் கடுகளவில் பதிக்கப்பட்டிருக்கும். மின்னல் விழுந்த ஐப்பசி இரவுக்குப் பின் அதைத் திருத்துவது என்பது முழுப் பலகையையும் வெளிநாட்டிலிருந்து வருவிப்பதுதான். நாற்பது வயதான 405 ஒன்றை மேசையில் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், சூட்டுக்கோலால் கழற்றலாம், பெரும்பாலானவற்றுக்கு மாற்றும் கிடைக்கும். ஒலியில் ஒன்றாக இருக்கும் இரண்டில் எதை வாங்குவது என்பதற்கு எனக்கு இது போதுமான காரணம். வால்வு விரும்பிகளைத் தடுக்கவும் மாட்டேன். 300 வோல்றுக்கு மேல் ஓடும் அந்தச் சூட்டுக்குள் பல்லி புகாமல் வலை அடித்துக்கொள்ளட்டும்.